எந்தப் பெட்டியிலும் பாடாத வால்ட்ஸ்

பாட்டைக் கேட்பவர்கள் ஓர் இனம். அந்தப் பாட்டு எந்த வகைக் கோப்பில் இருக்கிறது என்று கேட்பவர்கள் இன்னோர் இனம். இரண்டாவது இனத்தை உங்களுக்குக் காட்டுகிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும்; எனக்கு அது தீர்ந்து பல வருஷமாகிறது.

எங்கள் குவோபியோ ஊரில் இதற்கு முதல்தர மாதிரி என் நண்பர் இல்போ. சட்டைப் பையில் ஒரு குட்டிப் பாட்டுப்பெட்டி, காப்பி மேசைமேல் இன்னொன்று, வீட்டு இழுப்பறையில் ஒன்றின் பாட்டை இன்னொன்று தொடாத ஐந்து. "எம்பி3யா? மனுஷன் கேப்பானா அதை? அந்தத் தாளத்தோட நுனியே போயிடுச்சு, கவனிச்சீங்களா?" கவனித்தோமா? நாங்கள் லவங்கப்பட்டை போட்ட பன்னைக் கவனித்துக்கொண்டிருந்தோம். வருஷத்துக்கு ஒருமுறை உலகத்தின் கடைசிக் கோப்புவகையைக் கண்டுபிடிப்பார். இருக்கிற பாட்டையெல்லாம் அதற்கு மாற்றுவார். மாற்றி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கேட்க ஏது நேரம்?

இல்போவின் தங்கை சைமிக்குக் கல்யாணம் வந்தது. இறந்துபோன அப்பா அக்கார்டியனில் வாசித்த வால்ட்ஸ், ஒரே ஒரு கேசட்டில் இருந்தது. முதல் நடனம் அதற்குத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இல்போ அதைக் கணினியில் ஏற்றி, இரைச்சலையெல்லாம் சலித்தெடுத்து, உயர்ந்த கோப்பாக்கி, கேசட்டைக் குப்பையில் போட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் பாட்டுப்பெட்டியையும் மாற்றினார். புதுசாம்!

மாப்பிள்ளை ஊர்க் கூடம். நூறு பேர் வட்டமாக நிற்கிறார்கள். மாப்பிள்ளை கையை நீட்டிக்கொண்டிருக்கிறான். இல்போ பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். 'இவ்வகைக் கோப்பை இயக்க இயலாது' என்றது திரை. பழைய பெட்டி? இருநூறு கிலோமீட்டர் தள்ளி, வீட்டில்.

"கோப்பு மேல தப்பே இல்ல. இந்தப் பெட்டியைச் செஞ்சவனுக்குத்தான் தரம்னா என்னன்னு தெரியல" என்றார்.

சைமி கைப்பையைத் திறந்து அந்தக் கேசட்டை எடுத்தாள். அண்ணனைத் தெரிந்தவள் அல்லவா, அன்றைக்கே குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி வைத்திருக்கிறாள்! கூடத்துச் சமையலறையில் கிடந்த பழைய டேப் ரிக்கார்டரில் போட்டோம். வால்ட்ஸ் கிளம்பியது.

பாட்டு முடிந்ததும் இல்போ தங்கையிடம் ஓடினார். "நடுநடுவுல புஸ் புஸ்னு ஒரு சத்தம், கேட்டியா? என்னோடதுல அது துளிகூடக் கிடையாது."

"அது அப்பா மூச்சு வாங்குற சத்தம்ணே. அதையா எடுத்துட்டே?"

சிரித்தாயிற்றா? நல்லது. இப்போது போய் உங்கள் இழுப்பறையைத் திறந்து, எதிலும் பொருந்தாத ஒயர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்றைத் தாண்டினால், உங்கள் வீட்டிலும் யாரோ ஒருத்தி உங்களுக்குத் தெரியாமல் குப்பைக்கூடையைக் கிளறிக்கொண்டிருக்கிறாள்.