விசில் அண்ணாச்சியின் ஆக்டோபஸ் பண்ணை

கடலுக்கும் ராஜபாளையத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் தெரு விசில் அண்ணாச்சிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவர் நாய் வளர்ப்பவர். விசிலடித்தே நாய்களைப் பழக்குவதால் அந்தப் பெயர். அவரிடம் நாய் வாங்க வந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர், "ஆக்டோபஸுக்கு வெளிநாட்டுல ஏக கிராக்கி. தொட்டியில வளத்துக் குஞ்சு எடுக்கத்தான் ஆள் இல்ல" என்று சும்மா சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் எதிரிலேயே நின்றது பாவம் அவருக்குத் தெரியவில்லை.

நாய்க் கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி எழும்பியது. நீல டிரம்களில் கடல்தண்ணீர் வேனில் வந்தது. கூடவே ராணி வந்தாள், எட்டுக் கைகளோடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைக் கும்பிட்டவர்கள் அப்படியே இங்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அண்ணாச்சிக்குத் தெரிந்ததெல்லாம் நாய்ப் படிப்பு. விசிலடித்து நண்டு போட்டார். ராணி அவர் மூஞ்சியில் தண்ணீரைப் பீய்ச்சினாள்.

"கோவத்தைப் பாத்தியாலே? நல்ல ஜாதி" என்றார் என்னிடம், முகத்தைத் துடைத்தபடி.

ஜோடி சேர்க்க ஓர் ஆணும் வந்தது. சில நாளில் மாப்பிள்ளையைக் காணோம்.

"தப்பிச்சிட்டானா அண்ணாச்சி?"

"எங்க போவான்? அவ வயித்துலதான் இருக்கான்."

ராணி தொட்டிக்குள் கிடந்த பானையில் முட்டையிட்டாள். அதோடு தீனியை நிறுத்திவிட்டாள். தூத்துக்குடிக்காரர் போனில், "முட்டை பொரியிற வரைக்கும் தாய் திங்காது. பொறவு செத்துரும். அதுக பிறவி அப்படி" என்றார்.

"எங்கிட்ட குட்டி போட்ட ஒரு தாயும் செத்ததில்ல" என்று போனை வைத்தார் அண்ணாச்சி.

ஈன்ற நாய் முரண்டு பிடித்தால் பக்கத்தில் உட்கார்ந்து கையால் ஊட்டுவது அவர் வழக்கம். அதேபோல் தோள்வரை தொட்டிக்குள் கையை விட்டு, நண்டுச் சதையை நீட்டிக்கொண்டே இருந்தார். "ஒரு வாய் தின்னு தாயி." ராணி ஒரு கையால் தள்ளிவிட்டாள். இன்னும் ஏழு கை மிச்சமிருந்தது.

அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, வந்து பார்த்தார். "நானும் மூணு பெத்தேன். ஒருநாள் ஊட்டிவிட்டீகளா?"

"நீதான் தட்டைத் தள்ளவே இல்லியே."

முட்டைகள் பொரிந்தன. நொய்யரிசி போன்ற குஞ்சுகள், எதைப் போட்டும் தின்னாமல் ஒவ்வொன்றாக அடங்கின. ராணியும் போய்விட்டாள். ராஜபாளையத்தின் கடல் தொழில் அத்தோடு முடிந்தது.

அண்ணாச்சி தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். நாய்கள் பசியில் குரைத்தன. அவர் எழவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

"அண்ணாச்சி, அடுத்த ஈத்துல எனக்கு ஒரு குட்டி குடுங்க."

நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கா? நாயைக் கண்டா அடுத்த தெரு வழியா போறவன்லாலே நீ."

"நீங்க பழக்கிக் குடுங்க."

அண்ணாச்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நாய்களுக்குச் சோறு வைக்க எழுந்தார்.

அந்தக் குட்டி இப்போது என் காலடியில் படுத்திருக்கிறது. எனக்குப் பயம் போகவில்லை. திருப்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லை.