ஏழாவது சாவி

"கீச்!"

ஹெட்லி முழங்கையின் கீழிருந்த பேக்பைப்பின் துருத்தியை நிறுத்தினார். குழலின் துளைகளை மூடித் திறக்கும் சாவிகளில் இன்றும் அதே ஏழாவது.

சனிக்கிழமை ராத்பரி ஊர் மன்றத்தில், மனைவி தெல்மா இறந்து ஓராண்டு ஆனதற்கான தேநீர்க் கூட்டம். அவள் கட்டிய மெட்டை அவளுடைய பேக்பைப்பிலேயே பிசிறில்லாமல் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். இருந்தவரை அதைக் கழற்ற அவரை விட்டதில்லை தெல்மா. கீச்சோடுதான் வாசிப்பாள், சிரித்துக்கொண்டே.

"ரிப்பேர்காரர்கிட்ட குடுங்களேண்ணே," என்றாள் பக்கத்து வீட்டு ஐடா, வேலிக்கு மேலாக.

"முப்பது வருஷம் டிராக்டர் பிரிச்சவன்மா நான். இது வெறும் குழல்."

சீவாளியைச் சுரண்டினார். ஒரு கீச்சு இரண்டானது. சாவியின் ஸ்பிரிங்கை முறுக்கினார். சாவி திறக்கவே மறுத்தது. தளர்த்திவிட்டு மெழுகு தடவினார். பக்கத்துச் சாவிகளும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. விடாமல் துருத்தியை அழுத்தியபோது ஐடாவின் நாய் வேலியோரம் வந்து உட்கார்ந்து கூடவே ஊளையிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. எது நீங்க, எது நாய்னுதான் புரியல."

"சனிக்கிழமை புரியும்."

வியாழனன்று தெல்மாவின் அண்ணன் நார்மன் வந்தார்.

"மாப்ள, தள்ளுவண்டி சும்மாதான கெடக்கு?"

"போன வருஷம் கொண்டுபோன ஏணி என்னாச்சு மச்சான்?"

"பத்திரமா இருக்கு. ஏணிக்கு என்ன கொறச்சல்?" நார்மனின் பார்வை மேசைக்குப் போனது. "இந்தச் சனியன் இன்னும் கீச்சுதா?"

"சனிக்கிழமை கீச்சாது."

நார்மன் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஹெட்லி எல்லாச் சாவிகளையும் கழற்றித் துடைத்து, பெட்டியிலிருந்த மாற்றுச் சீவாளியைப் பொருத்தினார். ஏழாவது சாவியின் தோல் வில்லைக்கு அடியில் ஒரு துண்டுப் பச்சைக் கம்பளி நூல். இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. அதனால்தான் துளை சரியாக மூடவில்லை. அவர் போட்டிருந்த, தெல்மா பின்னிய ஸ்வெட்டரும் அதே பச்சைதான்.

"பின்னும்போது உள்ள விழுந்திருக்கு. பாவம், அவளுக்குத் தெரியவே இல்ல," என்று நூலை வெட்டி எறிந்தார்.

சனிக்கிழமை மன்றம் நிறைந்திருந்தது. மெட்டு ஏழாவது சாவியை ஆறு முறை கடந்தது. ஆறு முறையும் மணிபோல ஒலித்தது. கடைசிச் சுரத்தில் ஹெட்லிக்குக் கண் கலங்கியது. ஐடா எழுந்து நின்று கைதட்டினாள்.

நார்மன் ரொட்டியை மென்றபடி அருகில் வந்தார்.

"கீச்சு போயே போச்சே மாப்ள! அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் பதினெட்டு வருஷமா இத மட்டும் தெல்மாகிட்ட இரவல் கேக்காம இருந்தேன். திங்கக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."