தீர்த்தம் குடித்த பேட்டரி

வீட்டில் ஒருவன் டிப்ளமோ படித்துவிட்டால் அந்த வீட்டுக்கு எந்த நேரமும் ஆபத்துதான். எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான்.

பட்டுக்கோட்டைக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. மின்கம்பங்கள் சாலையோடு நின்றுவிட்டன. குவைத்துக்கு வேலைக்குப் போன அண்ணன் ஒரு ஜெனரேட்டரும் லாரி பேட்டரியும் வாங்கிக் கொடுத்தான். சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஏறும். பிறகு விளக்கும் டிவியும் அதில்தான். இதற்கெல்லாம் அதிகாரி நான் (சம்பளம் இல்லை, திமிர் மட்டும் உண்டு).

பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதற்குக் கடையில் கேனில் 'பேட்டரி தண்ணி' வாங்கி, அண்ணன் கொண்டுவந்த பழரச பாட்டில் ஒன்றில் ஊற்றி வைத்திருந்தேன். அதன் ஜோடி பாட்டிலில் அம்மா வேளாங்கண்ணித் தீர்த்தம் ஊற்றி, வீட்டு ஜெபப் பீடத்தில் வைத்திருந்தாள். காலை ஜெபம் முடிந்ததும் ஒரு மூடி குடிப்பாள்.

ஒருநாள் காலையில் பேட்டரிக்கு ஊற்றி முடித்துவிட்டுப் பார்த்தால், என் கையிலிருந்த பாட்டிலின் அடியில் மாதா படம் ஒட்டியிருந்தது. அப்படியானால் பீடத்தில் இருப்பது எது? உள்ளே ஓடினேன். அம்மா மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சிட்டியா?"

"குடிச்சாச்சு. ஏண்டா?"

பேட்டரி என்றால் ஆசிட், ஆசிட் என்றால் குடல் போச்சு. படித்த படிப்பில் அந்த நிமிடம் ஞாபகத்தில் நின்றது அவ்வளவுதான். அம்மா போய்விடுவாளோ என்று நினைத்ததும் அழுகை முட்டியது. பாட்டிலோடு அவளையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் பறந்தேன். "மெதுவாப் போடா, நீ ஓட்டுறதுலதான் எனக்கு உசுரு போவுது" என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தாள்.

டாக்டர் அம்மாவின் வாயையும் தொண்டையையும் பார்த்தார். "இதுல ஆசிட் கலந்தீங்களா தம்பி?"

"இல்லீங்க சார். கடையில வாங்குன பேட்டரி தண்ணி."

"காய்ச்சி வடிச்ச தண்ணிதானே அது. ஒரு மூடி உள்ள போனா என்ன ஆகும்?"

யோசித்தேன். "ஒண்ணும் ஆகாது சார்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எலக்ட்ரிக்கல் டிப்ளமோ."

"சரி, வெளியில சொல்லிக்காதீங்க."

அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அம்மா டாக்டரிடம், "எனக்கு ஒண்ணுமில்லீங்க, இவனுக்கு ஒரு ஊசி போட்டு விடுங்க" என்றாள்.

அம்மா பிழைத்தாள், பேட்டரி பிழைக்கவில்லை. உப்புத் தீர்த்தம் ஒத்துக்கொள்ளாமல் சில வாரங்களில் அடங்கிவிட்டது. அடுத்த முறை அண்ணன் போனில் பேட்டரியைப் பற்றி விசாரித்தபோது, அம்மா "தீர்த்தம் வாங்கிட்டுத்தான்டா போச்சு. நல்ல மரணம்" என்றாள்.

இப்போது தோப்புக்குக் கரண்ட் வந்துவிட்டது. ஆனாலும் மிக்ஸி நின்றாலும் மோட்டார் படுத்தாலும், அண்ணன் பிள்ளைகள் என்னிடம் ஓடி வந்து கேட்பது ஒன்றைத்தான்:

"சித்தப்பா, இதுக்கும் தீர்த்தம் குடுத்திட்டீங்களா?"