கார்ட் மாமா விரலை உயர்த்தினால்

“அமெரிக்க ரயில் ஊரைப் பற்றி நீ எழுதப் போறியோ? அங்கை சீவிச்ச எனக்கே அது விளங்கேல்லை. ஹவுகன்ஸ்டுவா மாடியிலை இருந்துகொண்டு நீ என்னத்தை எழுதிக் கிழிப்பாய்?”

இப்படி என்னைக் கேட்டவர் கார்ட் மாமா. ஒஸ்லோத் தமிழர்களில் அவரைப் போல ஒரு புளுகர் இதுவரை இருந்ததில்லை, இனிப் பிறக்கவும் வாய்ப்பில்லை. அவர் ஒருநாளும் ரயில் கார்டாக வேலை செய்ததில்லை. ஓய்வு பெறும்வரை ரயில் பெட்டி கழுவியவர். ஆனால் நோர்வேக்கு வருமுன்னர், அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ரயில் நகரத்தில், நூறு அறை ஹோட்டலில் மூன்று வருடம் தலைமைச் சமையல்காரராக இருந்தாராம். அவருடைய குழம்புக்கு மேயரே வரிசையில் நின்றாராம்.

அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு பழக்கம். அந்த ஊரைத் தண்டவாளம் நடுவால் பிளக்கிறது. சரக்கு ரயில் போகும்போது பேச்சு கேட்காது. அதனால் எல்லாரும் பாதி வசனத்தில் நிறுத்தி, ரயில் போனபின் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்களாம். கார்ட் மாமாவும் அப்படியே. ரயில் சத்தம் கேட்டால் ஆட்காட்டி விரல் ரயில் கார்டின் கொடிபோல உயரும், வாய் மூடிவிடும். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். ஒஸ்லோ ஓரத்து ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிக் கட்டிடங்களுக்குப் பக்கத்தாலேயே ரயில் போகிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஒரு கலியாணத்தில் மணமகளை வாழ்த்த எழும்பினார். “பிள்ளை, உன்ரை புருசனை நீ ஒருநாளும்…”

விரல் உயர்ந்தது. வெளியே சரக்கு ரயில். மாப்பிள்ளைக்கு வேர்த்தது. பெண்ணின் தாய் நெஞ்சில் கை வைத்தார். கடைசிப் பெட்டியும் போய் மறைந்தபின்,

“…பசியோடை விட்டிடாதை.”

இன்னொருமுறை ஏதோ அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் சுகம் விசாரித்தாள். “நான்…” என்றார். ரயில் வந்தது. மறுமுனையில் ஆள் விழுந்துவிட்டார் என்று நினைத்து அவள் அம்புலன்ஸ் அனுப்பிவிட்டாள். அடுத்தடுத்து இரண்டு ரயில்கள் என்பதால், கதவைத் திறந்து அம்புலன்ஸ்காரரிடம்தான் வசனத்தை முடித்தார்: “…நல்லாய்த்தான் இருக்கிறன்.”

என் அம்மா ஐந்தாம் வகுப்பு. அப்பா அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்கப் போவதுமில்லை. ஒரு காலத்தில் நோர்வேக்காரர் போய்க் குடியேறிய ஊர் என்பதால், மாமாவின் ஊரையே முதுகலை ஆய்வுக்கு எடுத்தேன். பழைய பத்திரிகைகளைக் குடைந்தேன். ரயில் கம்பனி வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தது. புள்ளியைச் சுற்றி ஊர் முளைத்தது. பட்டறை வந்தது, சோளக் களஞ்சியங்கள் வந்தன, பிறகு பட்டறை மூடியது. இப்போது ரயில்கள் நிற்காமல் போகின்றன. எல்லாம் கிடைத்தது. மாமாவின் நூறு அறை ஹோட்டல்தான் கிடைக்கவில்லை.

தமிழ்ப் பள்ளியின் தேநீர் வரிசையில் வைத்து அவரைப் பிடித்தேன்.

“மாமா, அந்த ஊரிலை இருந்த ஒரேயொரு ஹோட்டல் நீங்கள் பிறக்க முதலே எரிஞ்சு போச்சு.”

“அப்ப நான் எரியாத பக்கத்திலை வேலை செய்திருப்பன்.”

“அதிலை அறையும் பன்னிரண்டுதான்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நான் படித்தவள் என்று ஊருக்குக் காட்டியாயிற்று.

நான் எவ்வளவு படித்தவள் என்று அடுத்த வாரம் என் பேராசிரியர் எனக்குக் காட்டினார். “வரலாறு இருக்கிறது. ஊரைக் காணவில்லை. அங்கே மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள்? அந்த அத்தியாயம் இல்லாமல் இதை ஏற்க முடியாது.”

வேறு வழியில்லாமல் மாமா சொன்ன அந்த ரயில் மௌனத்தை எழுதினேன். “ஆதாரம்?” என்றார். புளுகரின் சொல்லை ஆதாரமாக வைக்க முடியுமா? அந்த ஊர் நூலகத்துக்கு எழுதிக் கேட்டேன். நூலகரின் பதில் நாலு வரி: ஆம், இங்கே அப்படித்தான். ஆனால் இது எந்தப் புத்தகத்திலும் இல்லையே, நீ இங்கே வாழ்ந்தவளா?

கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். மாமா ஹவுகன்ஸ்டுவா ஸ்டேஷன் மேடையில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார். வாசித்துக் காட்டினேன்.

“அப்ப ஹோட்டல், மாமா?”

“ஹோட்டல் இல்லை. ஸ்டேஷன் கக்கூஸ் கழுவினனான். அதைக் கலியாண வீட்டிலை சொல்லேலுமே?”

“மூண்டு வருசம்?”

“ஒரு குளிர்காலம்.” சிரித்தார். “எனக்குப் பாஷை தெரியாது, பிள்ளை. ஆரும் என்னோடை கதைக்கிறேல்லை. ரயில் வந்தால்தான் எல்லாரும் வாயை மூடுவினம். அந்த ரண்டு நிமிசம் அவையும் நானும் ஒண்டு.”

கடிதத்தை மடித்து அவர் கையில் வைத்தேன்.

“மாமா, அண்டைக்குத் தேத்தண்ணி வரிசையிலை சொன்னதுக்கு…” என்று தொடங்கினேன். அவர் விரல் உயர்ந்தது. சரக்கு ரயில், நல்ல நீளம்.

அடுத்த மே மாதம் அந்த ஊருக்குப் போவதற்கு இரண்டு டிக்கெட், கடிதம் வந்ததும் அன்று காலையே எடுத்துவிட்டேன். ஜன்னலோர இருக்கை அவருக்கு. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. என் விரலையும் உயர்த்தியபடி, கடைசிப் பெட்டி போகட்டும் என்று பக்கத்தில் நின்றேன்.