இரண்டு மச்சான்களுக்கு நடுவே அணிசேராக் கொள்கை

கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் மதிப்பிற்குரிய மச்சான் அன்புமணி அவர்களுக்கு,

சிதம்பரத்திலிருந்து உங்கள் தங்கை மலர்க்கொடியின் வீட்டுக்காரன் வாகீசன் கைகூப்பி எழுதுவது. நீங்களும் அக்காவும் நலமாயிருக்க நடராசப் பெருமானை வேண்டுகிறேன். இங்கு நாங்களும் நலம் என்று வழக்கம்போல எழுதப் போனேன், கை கூசுகிறது. ஞாயிற்றுக்கிழமை என் பெண் இசைவாணியின் நிச்சயதார்த்தத்தில் நடந்ததற்குப் பிறகு கீழ வீதியில் பால் வாங்கக்கூடத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூல காரணம் நாட்டின் பாதுகாப்புக் கொள்கைதான், மச்சான். சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றதிலிருந்து, ஓய்வூதியர் சங்கத்தில் ‘அமெரிக்கா, சீனா, நடுவே நாம்’ என்று நான் பேசி வருவது உங்களுக்குத் தெரியும். ஒருத்தனோடு கடலில் போர்ப்பயிற்சி, இன்னொருத்தனோடு மாநாட்டில் ஒரே மேசை, மூன்றாமவனிடம் எண்ணெய். எவன் மடியிலும் உட்காராமல் எல்லோரிடமும் நம் காரியத்தைச் சாதித்துக்கொள்வதே வளரும் வல்லரசுக்கு அழகு என்று மேசையைத் தட்டிச் சொல்வேன். கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. நீங்களும் உங்கள் தம்பி பழனிவேலும் காடாம்புலியூர் முந்திரித்தோப்பு வேலிக்காக முகம் பார்க்காமல் இருக்கிறீர்களே, இந்த இரு வல்லரசுகளையும் அதே முறையில் சமாளித்துவிடலாம் என்று நினைத்துவிட்டேன்.

நிச்சயத்தன்று பெண்ணைத் தாய்மாமன்தான் கைபிடித்துச் சபைக்கு அழைத்து வர வேண்டும். இசைவாணிக்கு நெக்லஸ் நீங்கள் எடுப்பதாகச் சொன்னதும், “நீங்கதான் மச்சான் கூட்டிட்டு வரணும், அவன் வரமாட்டான்” என்றேன். பந்திச் செலவு முழுக்கத் தன்னுடையது என்று பழனிவேல் சொன்னதும் அவனிடமும் அதையே சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பே உங்களை வைத்து ஒரு தடவை அழைத்து வந்து, அவன் போட்ட சாப்பாடு என்று தெரியாமலே உங்களைச் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டு, பிறகு அவனை வைத்து இன்னொரு தடவை நடத்துவதாகத் திட்டம். உங்கள் வேன் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளும் என்று எந்தப் பாதுகாப்பு ஆலோசகனுக்குத் தெரியும்?

சபை நிறைந்த நேரத்தில், பழனிவேல் இசைவாணியை அழைத்து வந்துகொண்டிருக்கும்போது, நீங்கள் வந்து அவள் வலது கையைப் பிடித்தீர்கள். அவன் இடது கையை விடவில்லை. “விடுறா, மூத்த மாமன் நான் இருக்கேன்ல!” “மாமா எனக்குத்தான் வாக்கு குடுத்திருக்காரு!” புதுக் கண்ணாடி வளையல் நொறுங்கிக் குழந்தையின் மணிக்கட்டில் ரத்தம். சம்பந்தி ஞானாம்பாள் அம்மா, “என்னாங்க இது, நிச்சயமா, கயிறு இழுக்கற போட்டியா?” என்று கேட்டார்கள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மைக்கைப் பிடித்து, “இதைப் பல்முனை உறவு என்பார்கள்” என்று ஆரம்பித்தேனே, என்னை எதால் அடிப்பது! இசைவாணி என்னைப் பார்த்து, “அப்பா, நான் என்ன எல்லைத் தகராறா? கை எரியுது, நீ பேசிக்கிட்டே இருக்க” என்றாள். சம்பந்தி வீட்டார் தட்டு மாற்றாமலே எழுந்தார்கள். பெண்ணை யார் அழைத்து வருவது என்று முடிவானால் சொல்லி அனுப்புங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று பண்ருட்டிக்குப் போய்விட்டார்கள்.

யோசித்துப் பார்த்தேன். நாடு அப்படிச் செய்கிறதென்றால் ஊரறியச் செய்கிறது. எவனிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் இருவரிடமும் பொய் சொல்லிவிட்டு அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்தேன். வெட்கமாக இருக்கிறது, மச்சான். உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டு டிவியைப் பார்த்து, “அவர சாப்பிடச் சொல்லு” என்கிறாள்.

ஆகவே நடுநிலையை இன்றோடு விட்டொழித்தேன். இனி நான் முழுக்க உங்கள் அணி. அடுத்த முகூர்த்தத்தில் நீங்களே வந்து கைபிடித்து அழைத்து வாருங்கள். பழனிவேல் வாசலை மிதிக்க மாட்டான், இது சத்தியம். வர மறுத்து என் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

அக்காவின் மூட்டுவலி தீரவும், உங்கள் கம்பெனியில் கரண்ட் போகாமல் இருக்கவும் தில்லைக் காளி துணை நிற்கட்டும்.

தலை நிமிர முடியாத,
வாகீசன்

பின்குறிப்பு: பெரிய மாமா, இது இசைவாணி எழுதறேன். கூரியர்ல போடச் சொல்லி அப்பா ரெண்டு கவர் குடுத்தாரு. சின்ன மாமாவுக்கும் இதே லெட்டர்தான். பேரை மாத்தி, மூட்டுவலி இருந்த இடத்துல சின்ன அத்தையோட சுகரைப் போட்டிருக்காரு. சத்தியத்த நம்பாதீங்க. ஆனா வெக்கப்படறாருன்னு எழுதியிருக்கறது நெசம், வச்ச சோறு அப்படியே இருக்கு. சபைக்கு என்னை அம்மா கூட்டிட்டு வருவாங்க. பண்ருட்டிக்கு நானே போன் போட்டுக் கேட்டேன், சரின்னுட்டாங்க. நீங்களும் சின்ன மாமாவும் ஆளுக்கொரு தட்டு எடுத்துக்கிட்டு எங்க பின்னால வாங்க. பேசிக்கக்கூட வேணாம் மாமா, சேர்ந்து நடந்தா போதும்.