டிஸ்ப்ரோசியத்தின் இடுப்பைக் காத்த பெரும்போர்

வாழ்க தயாளினி! சார்செல் புறநகர் அடுக்குமாடியின் பதினோராம் தளத்து வீராங்கனை, நான்காண்டு ஆய்வுத்தவத்தால் கண் உள்வாங்கிய காரிகை, ரப்பர்க் கையுறை பூண்ட கொற்றவை, வாழ்க! கண்ணுக்குப் புலப்படாப் பகைவனோடு அவள் பொருத கதையைச் சொல்லப் புகுந்தோம். பகைவன் பெயர் தண்ணீர்.

அவள் காக்கப் புறப்பட்ட மன்னன் டிஸ்ப்ரோசியம் என்னும் லாந்தனைடு அயனி. ஒற்றை மூலக்கூறுக்குள் வீற்றிருந்தே காந்தமாகும் வல்லமை அவனுக்குண்டு. ஆயினும் அவனைச் சூழ்ந்த எதிர்மின் மேகம் உளுந்துவடைபோல் தட்டையானது. ஈனிகள் என்னும் துணை மூலக்கூறுகள் மேலும் கீழும் அழுத்திப் பிடித்தால்தான், காந்தப்புலம் அகன்ற பின்னும் திசை மறவாமல் நிற்பான். இடுப்புப் பக்கமாய் யாரேனும் வந்து ஒட்டிக்கொண்டால் போச்சு, எல்லாம் மறந்துவிடுவான். ஆகவே தயாளினி, கல்யாண மண்டப முன்வரிசைக் கதிரையை விட்டெழாத மாமிமார்போல் பருத்த ஈனிகள் இரண்டை வடிவமைத்து, ஒன்றைத் தலைமேலும் மற்றதைக் காலடியிலும் இருத்தி, இடுப்பை எவரும் நெருங்கா அரண் அமைத்தாள். காற்றின் ஈரத்தில் வரும் ஒற்றனை அது தடுக்கும், படையெடுப்பைத் தடுக்காது. பதினேழு முறை தோற்றாள், பதினெட்டாம் முறை வென்றாள்.

அவ்வெற்றியில் விளைந்த மஞ்சள் தூளை உலர்வாயு நிரம்பிய குப்பியில் அடைத்து, மூடியை இறுகத் திருகி, பையிலிட்டு, காந்தமானி இருந்த வேறோர் ஆய்வுகூடத்துக்குப் புறப்பட்டாள். பத்து மணி அவள் முறை. கைவிட்டுப் போனால் அடுத்தது பதினொரு வாரம் கழித்து. ஆய்வேடும் அதுவரை கிடப்பில்.

வழியிலே தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய்த் தெரு. அங்கே தந்தையார், மளிகைவேந்தர் மகாலிங்கம், மரக்கறிப் பெட்டிகள் புடைசூழ வீற்றிருந்து, "என்ரை மோள் உலகத்திலேயே சின்னக் காந்தம் செய்யிறாள்!" என்று முருங்கைக்காய் வாங்க வந்தோர்க்கெல்லாம் முரசறைந்துகொண்டிருந்தார். மகளைக் கண்டதும் ஆணை பிறந்தது: "பையைச் சாமிப்படத்துக்கு முன்னாலை வைச்சிட்டு, உள்ளை போய் ஒரு வாய் தேத்தண்ணி குடி பிள்ளை!" வீராங்கனை பணிந்தாள். இரண்டே நிமிடம்.

பத்து மணிக்குக் குப்பியைத் திறந்தவள், தூள் வெளுத்துத் திரண்டிருக்கக் கண்டாள். வெளிச்சம் சரியில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். நான்காண்டு தவமிருந்தவர்கள் தங்கள் கண்ணை நம்புவதில்லை. திரவ ஹீலியம் குளிரூட்ட, காந்தமானி உறும, புலம் எழுந்து தாழ்ந்தது. திரையிலே, காந்த நினைவின் அடையாளமாய் வாய்பிளந்து விரியவேண்டிய வளையமோ ஒற்றைக் கோடாய் ஒடுங்கிப் படுத்தது. மன்னன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான்.

"தண்ணீர்! உன் ஈனிகள் கோழைகள்!" என்று தீர்ப்புரைத்தாள் ஆய்வு நெறியாளர் ஆரெலி.

மாலையில், கரைப்பானையும் கையுறையையும் மாமிமாரையும் தன்னையும் மாறி மாறிச் சபித்தபடி கடைக்கு வந்தாள். மளிகைவேந்தர் இரு கை விரித்து எதிர்கொண்டார்.

"வெண்டிட்டியோ? வெல்லாமல் என்ன! நீ தேத்தண்ணி குடிக்கேக்கை அந்தக் குப்பியைத் திறந்து ஒரு சொட்டுக் கோயில் தீர்த்தம் விட்டனான். அடுத்தமுறை ரெண்டு சொட்டு விடுறன்!"

விழியிரண்டில் ஊழித்தீ மூள, நாசி துடிக்க, நான்காண்டுச் சினமெல்லாம் நாவிலே நாணேறி நிற்க, ரூ காய் அதிர வாய் திறந்த அந்த வீராங்கனை, தந்தை முகத்தில் பொங்கிய பெருமிதத்தைக் கண்டு, எய்யாத அம்பைத் தூணிக்குள்ளேயே திருப்பிச் செருகினாள்.

அடுத்த முறை அவள் கடைப் பக்கம் போகாமல் பஸ்ஸில் போனாள்.