கம்பிக்குள் ஈரம்

2005 ஜூன் 4, சனிக்கிழமை காலை பத்து மணி. கணினி இரண்டு, இணைய இணைப்பு ஒன்று. கோட்டயத்தில் அந்த வீட்டின் தலைவர் பெயர் குரியாக்கோஸ். அது நான்தான். தலைவர் என்று ரேஷன் கார்டில் இருக்கிறது.

வெளியிலிருந்து வரும் கம்பி முன்னறையில் என் கணினிக்குத்தான் வரும். அங்கிருந்து இன்னொரு கம்பி, சமையலறையை ஒட்டிய அறையில் என் மனைவி ஏலிக்குட்டியின் கணினிக்குப் போகும். அதாவது, நான் கொடுத்தால்தான் அவளுக்கு உண்டு. முப்பத்திரண்டு வருட இல்லறத்தில் இப்படியொரு நிலைமை எனக்கு வாய்த்தது அதுவே முதல் முறை.

சனிக்கிழமைகளில் ஏலிக்குட்டி, குவைத்தில் நர்ஸாக இருக்கும் தங்கை ரோஸ்லியோடு திரையில் முகம் பார்த்துப் பேசுவாள். நான் இணையத்தில் செஸ் ஆடுவேன். ரோஸ்லியின் முகம் அங்கே வந்தால் என் குதிரை இங்கே நகராது. அதற்கு முந்தின வாரம் ராணியைக் கையில் பிடித்தபடியே நேரம் தீர்ந்து தோற்றேன். அன்றோ பத்தரைக்கு ஒரு போட்டியின் அரையிறுதி. துணிந்துவிட்டேன். என் கணினியில் இணைப்பை அவளுக்குப் பங்கு போடும் சின்னக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். சமையலறைப் பக்கம் இணையம் அஸ்தமித்தது.

ஏலிக்குட்டி வந்து, எதுவும் வரவில்லை என்றாள். பெரிய டாக்டர் மாதிரிப் போனேன். மேசைக்கடியில் தவழ்ந்தேன். கம்பியைப் பிடுங்கி, ஊதி, வேட்டியில் துடைத்துச் செருகினேன். எழுந்து முடிவை அறிவித்தேன்.

“மழை. கம்பிக்குள்ள ஈரம் இறங்கிருச்சு. திங்கட்கிழமைதான் காயும்.”

“அச்சாயா, மழை உங்க ரூமை விட்டுட்டு என் ரூமுல மட்டும் பெய்யுதா?”

“என் கம்பி தடிமன். உன்னுது நோஞ்சான்.”

அவள் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். எதையும் சோதிக்காமல் விடமாட்டாள். கோளாறு கம்பியிலா, உட்காரும் ஆளிலா என்று தெரிய, இடம் மாறி உட்கார்ந்து பார்ப்போம் என்றாள். எனக்கென்ன பயம்? அவள் அறையில் யார் உட்கார்ந்தாலும் இணையம் வராது. என் பேச்சு நிரூபணமாகிவிடும். சந்தோஷமாக அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் முன்னறைக்குப் போனாள்.

இங்கே இணையம் வரவில்லை. அங்கே ரோஸ்லி வந்துவிட்டாள்.

மணி பத்து இருபது. முன்னறை வாசலில் போய் நின்று, சோதனை முடிந்தது, எழுந்திரு என்றேன்.

“அங்க நெட்டு வந்துச்சா?”

“வரலை.”

“அப்ப நான் அங்க வந்து என்ன பண்ண? சரிபண்ணத் தெரிஞ்ச ஆளுதான் அங்க இருக்கணும்.”

“சரிபண்ணறதுக்கு இந்தக் கணினியில ஒரு நிமிஷ வேலை இருக்கு.”

“இதுலதான் ஈரமே இல்லையே. இதுல என்ன வேலை?”

டிக்கை எடுத்ததை ஒப்புக்கொண்டால் அரையிறுதி ஆடலாம். ஆனால் அந்தச் செய்தி அதே நிமிடம் குவைத் போய்ச் சேரும். வாசலிலேயே நின்றேன். திரையிலிருந்து ரோஸ்லி கேட்டாள்.

“சேச்சி, அச்சாயன் ஏன் கையைப் பிசைஞ்சுட்டு நிக்கறார்?”

“கம்பி காயணும்னு ஜெபம் பண்றார்.”

பத்தரை ஆனது. என் எதிராளி ஒரு காயைக்கூட நகர்த்தாமல் இறுதிப் போட்டிக்குப் போனான். நான் மேசைக்கடிக்குப் போனேன். முன்னறையில் ரோஸ்லியின் முகம் பளிச்சென்று தெரிகிறதாம். இனி அங்கேயே இருந்துகொள்வதாக ஏலிக்குட்டி சொல்லி அனுப்பினாள். சொல்லி அனுப்ப வேறு ஆள் இல்லாததால் அவளே வந்து சொன்னாள்.

2007 பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டுக்குக் கம்பியே தேவைப்படாத இணைப்பு வந்தது. கடவுச்சொல் ஏலிக்குட்டியிடம் இருக்கிறது.